அளவாய் நின்ற பெயர்

உலகில் தம் பெயர் நிலைத்து நிற்றலை விரும்பாதார் இலர். அதன்பொருட்டு அரசர் கல்லிற் பெயர் பொறித்தனர். செல்வர் சத்திரமும் சாவடியும் எடுத்து அவற்றிற்குத் தம் பெயரிட்டனர். பாட்டன் பெயரைத் தாங்குதலாலேயே மகனுடைய மகன் பெயரன் எனப் பெற்றான். ஆயினும், கல்லெழுத்து மழையாலும் காற்றாலும் தேய்கின்றது. சாவடி இடிந்து மண்ணாகின்றது. நான்கு தலைமுறை கடந்தால் பாட்டன் பெயரை அறிவாரும் அரியராகின்றனர். இவ்வாறு தேயாமலும் இடியாமலும், தமக்குரியவர் பிறந்த நாட்டையும் பேசிய மொழியையும் கடந்து, நாள்தோறும் கோடிக்கணக்கான மக்களின் நாவில் வழங்கும் பெயர்கள் சில உள்ளன. அவை அளவைகளாய் நின்ற பெயர்களாம்.

மின்விளக்கு வாங்கக் கடைக்குச் செல்லும் சிறுவன், ஒன்பது வாட் விளக்கு ஒன்று வேண்டும் என்கின்றான். வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என்கின்றார் மின்பணியாளர். உருகு கம்பி ஐந்து ஆம்பியருக்கு உரியதா, பதினைந்து ஆம்பியருக்கு உரியதா என்று வினவுகின்றார் கடைக்காரர். இன்றைய வெப்பநிலை இத்தனை செல்சியஸ் பாகை என வானொலி அறிவிக்கின்றது. வாட், வோல்ட், ஆம்பியர், செல்சியஸ் என்னும் இவையெல்லாம் பொருட்பெயர்கள் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இவை நம்மைப் போல உண்டும் உறங்கியும், இன்புற்றும் துன்புற்றும் வாழ்ந்த மக்களின் பெயர்கள். அல்லது அப்பெயர்களிலிருந்து தோன்றியவை.

அளவைக்குப் பெயரிட்டு வழங்குதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள், நெல்லை அளந்த மரக்காலை ஆடவல்லான் என்றும், அஃது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்றும் கூறுகின்றன. ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமானின் திருப்பெயர். இராசகேசரி என்பது சோழ வேந்தர் புனைந்த பட்டப்பெயர். அளவு பொய்யாதிருத்தல் வேண்டுமாயின், அதன் பின்னே தெய்வத்தின் ஆணையோ வேந்தனின் ஆணையோ நிற்றல் வேண்டும் என முன்னோர் கருதினர் போலும்! இக்காலத்து அனைத்துலக அளவை முறையிலோ அடிப்படை அலகுகள் ஏழனுள் இரண்டும், சிறப்புப் பெயர் பெற்ற வழி அலகுகள் இருபத்திரண்டனுள் பதினேழும், ஆகப் பத்தொன்பது அலகுகள் அறிவியலறிஞர்களின் பெயர்களைக் கொண்டுள்ளன. அவர்களுள் ஒருவரும் நாடாண்ட வேந்தர் அல்லர். பூட்டுச் செய்யும் தொழிலாளியின் மைந்தரும், பீர் வடிசாலை நடத்தியவரும், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவரும் அவர்களுள் உளர். வேந்தன் பெயர் நின்ற இடத்தில் தொழிலாளியின் மைந்தன் பெயர் எவ்வாறு வந்து நின்றது என்பதை, அவர்களுள் ஒருவரான ஓம் என்பாரின் வரலாற்றைக் கொண்டு அறியலாம்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16 ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள எர்லாங்கன் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளி. பள்ளியில் முறையாகப் பயிலும் வாய்ப்பு அத்தந்தையார்க்குக் கிட்டவில்லை. எனினும், அவர் தாமே முயன்று கணிதத்தையும் இயற்பியலையும் கற்றுத் தேர்ந்தார். கற்றவற்றைத் தம் மைந்தர்க்குத் தாமே கற்பித்தார். ஓம் பத்து வயதினராய் இருந்தபோது அன்னையார் இறந்தார். தாயற்ற குடும்பத்தில், பட்டறையின் உலைத்தீக்கும் சம்மட்டிக்கும் இடையே, கணிதம் அப்பிள்ளைகளின் உள்ளத்தில் வேரூன்றியது. ஓமின் இளவல் மார்ட்டினும் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியராய் விளங்கினார்.

1805 ஆம் ஆண்டு ஓம் எர்லாங்கன் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். சேர்ந்தவர் படிப்பிலே கருத்தைச் செலுத்தாமல், நடனத்திலும் பனிச்சறுக்கு விளையாட்டிலும் பொழுதைப் போக்கினார். தாம் பெறாத கல்வியை மகன் பெற்றும் வீணாக்குகின்றானே எனத் தந்தையார் வெகுண்டார். ஓம் பல்கலைக் கழகத்தை விட்டு நீங்கிச் சுவிட்சர்லாந்து நாட்டிற்குச் சென்று, அங்குள்ள பள்ளியொன்றில் கணித ஆசிரியராய் அமர்ந்தார். தந்தையின் வெகுளி மைந்தனைத் திருத்தியது. பிறர்க்குக் கற்பித்துக்கொண்டே தாமும் கற்று, மீண்டும் எர்லாங்கனுக்குத் திரும்பி, 1811 ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். பல பள்ளிகளிற் குறைந்த ஊதியத்தில் உழைத்த பின்னர், 1817 ஆம் ஆண்டு கொலோன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியரானார். அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. கைத்தொழில் அறிந்த குடும்பத்திற் பிறந்தவராதலின், வேண்டிய கருவிகளை அமைத்துக்கொள்ளும் திறமும் அவர்க்கு வாய்த்திருந்தது.

அக்காலத்தில் மின்சாரம் அறிஞரிடையே ஒரு புதுமையாய் விளங்கியது. இத்தாலி நாட்டு வோல்ட்டா 1800 ஆம் ஆண்டில் மின்கல அடுக்கை அமைத்துக் காட்டினார். மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புகின்றது என்பதை டென்மார்க்கு நாட்டு எர்ஸ்டெட் 1820 இல் வெளியிட்டார். அச்செய்தி எட்டிய சில கிழமைகளுக்குள்ளேயே பிரெஞ்சு நாட்டு ஆம்பியர், மின்னோட்டம் பாயும் இரு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதையும் தள்ளுவதையும் ஆராய்ந்து காட்டினார். ஆயினும், எவ்வளவு மின்சாரம் ஓடும், எதனால் கூடும், எதனால் குறையும் என்பதனை எவரும் திட்டமாய் வரையறுத்து வெளியிடவில்லை. இந்த வினாவையே ஓம் கையிலெடுத்தார்.

அவர் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளின் வழியே மின்சாரத்தைச் செலுத்தித் தொங்கவிட்ட காந்த ஊசி திரும்பும் அளவைக் குறித்தார். தொடக்கத்தில் கணக்கு ஒழுங்காய் அமையவில்லை. அவர் பயன்படுத்திய மின்கலங்களின் வலிமை நிமிடத்திற்கு நிமிடம் மாறிக்கொண்டேயிருந்தது. ஆட்டங்கொண்ட தராசினால் பொன்னை நிறுத்தல் இயலுமோ? அந்நிலையில் பொகெண்டார்ப் என்னும் அறிஞர் ஒரு வழி கூறினார். இருவேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றோர் இணைப்பைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை ஸீபெக் என்பார் முன்னரே கண்டிருந்தார். அதனைக் கைக்கொள்ளுமாறு ஓமிற்கு அவர் கூறினார். ஓம் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீராலும் மறு முனையைப் பனிக்கட்டியாலும் காத்தார். கொதிநீரின் வெப்பமும் உருகும் பனிக்கட்டியின் குளிர்ச்சியும் மாறா. ஆகவே மின்சாரத்தின் வலிமையும் மாறாது நின்றது. கணக்கும் ஒழுங்குபட்டது.

அவர் கண்ட உண்மையை ஓர் உவமையால் விளக்கலாம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் வழியே நீர் வருகின்றது. தொட்டி உயர உயர, நீர் விரைந்து பாயும். குழாய் நீண்டதாயும் குறுகியதாயும் இருப்பின், நீரின் வரவு குறையும். மின்சாரமும் அத்தகையதே. தொட்டியின் உயரத்தைப் போன்றது மின்னழுத்தம். குழாயின் தடையைப் போன்றது கம்பியின் மின்தடை. அழுத்தம் இருமடங்கானால் ஓட்டமும் இருமடங்காகும். தடை இருமடங்கானால் ஓட்டம் பாதியாகும். கம்பி நீள நீளத் தடை மிகும். பருக்கப் பருக்கத் தடை குறையும். வெப்பநிலை மாறாதிருக்கும் உலோகக் கம்பிகளுக்கு இவ்விதி பொருந்தும். இன்று பள்ளி மாணவர் ஒரு வரியில் எழுதும் இவ்விதியைக் காண்பதற்கு ஓமின் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது.

அரை ஊதியத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்று, இளவல் இருந்த பெர்லின் நகருக்குச் சென்று, தம் ஆராய்ச்சியை ஓம் நூலாக எழுதினார். 1827 ஆம் ஆண்டு அந்நூல் வெளிவந்தது. இதனால் தமக்குப் பல்கலைக் கழகப் பதவி கிட்டும் என்பது அவர் எண்ணம். நடந்ததோ வேறு. இயற்பியலைக் கணிதத்தால் ஆராய்தல் அக்கால ஜெர்மானிய அறிஞருட் பலர்க்கு உவப்பாயில்லை. சிலர் நூலைப் புறக்கணித்தனர், சிலர் இகழ்ந்தனர். எதிர்பார்த்த பதவி கிட்டவில்லை. மனம் நொந்த ஓம், கொலோன் நகரத்தில் வகித்த ஆசிரியப் பதவியையும் துறந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பெர்லினில் கிடைத்த பள்ளிகளில் கணிதம் கற்பித்துக் காலங்கழித்தார். 1833 ஆம் ஆண்டிலேதான் நூரம்பர்க்கு நகரத்துத் தொழிற்கல்விப் பள்ளியில் அவர்க்கு நிலையான பதவி கிட்டியது. இகழ்ந்தவர்க்கு அஞ்சித் தாம் கண்டது பொய்யென்று அவர் கூறினாரல்லர். கொதிநீரும் பனிக்கட்டியும் கூறிய சான்று அவர் பக்கம் இருந்தது.

ஈண்டுப் பிறிதொருவரை நினைத்தல் தகும். இங்கிலாந்தில் வாழ்ந்த கேவண்டிஷ் பெருஞ்செல்வர். மனிதரைக் காணவும் கூசும் இயல்பினர். ஓமிற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே, அவர் உப்புநீர் நிறைந்த குழாய்களின் வழியே மின்சாரத்தைச் செலுத்தித் தம் உடலில் உற்ற அதிர்ச்சியையே அளவுகோலாகக் கொண்டு இவ்வுண்மையைக் கண்டறிந்திருந்தார். ஆனால், அதனை அவர் வெளியிடவில்லை. 1879 ஆம் ஆண்டில் மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் அவருடைய கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து பதிப்பித்தபோதுதான் உலகம் அதனை அறிந்தது. இன்றைய அனைத்துலக அளவை முறையில் கேவண்டிஷ் பெயரால் ஓர் அலகும் இல்லை. அறிவிற் குறைந்தவர் அல்லர் அவர். எனினும், பெட்டியில் உறங்கிய உண்மை எவர்க்கும் பயன்படவில்லை. இகழ்ச்சி வருமென்று பாராது தம் உண்மையை ஊர் நடுவே வைத்தவர் ஓம். உண்மையைக் காண்பதற்கு அறிவு போதும். அதனை வெளியிடுவதற்கு நெஞ்சுரமும் வேண்டும்.

காலம் கனிந்தது. 1841 ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகம் காப்லி பதக்கத்தை ஓமிற்கு வழங்கியது. சொந்த நாடு காணத் தவறிய பெருமையை அயல்நாடு கண்டது. 1852 ஆம் ஆண்டு, அறுபத்துமூன்றாம் வயதில், அவர் மூனிச்சுப் பல்கலைக் கழகத்தில் இயற்பியற் பேராசிரியரானார். இளமையில் விரும்பிய பதவி முதுமையில் வந்தது. அதனை அவர் ஈராண்டுகளே துய்த்தார். 1854 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6 ஆம் நாள் அவர் மறைந்தார். தம் பெயர் ஓர் அளவையாகும் என்பதை அவர் அறிந்தாரல்லர்.

அவ்வளவை ஏன் வேண்டியதாயிற்று? தந்தி தோன்றிய பின்னர் நாடுகளுக்கிடையே ஆயிரக்கணக்கான கல் தொலைவு கம்பிகள் ஓடின. அட்லாண்டிக்குப் பெருங்கடலின் அடியில் 1858 ஆம் ஆண்டு இட்ட தந்திவடம் சில கிழமைகளிலேயே பழுதுற்றது. நிலைத்துப் பயன்தந்த வடத்தை 1866 ஆம் ஆண்டிலேதான் இட முடிந்தது. ஆழ்கடலிற் கிடக்கும் வடத்தில் பழுது எங்குள்ளது என்பதைக் கண்ணால் காண இயலாது. கரையிலிருந்தபடியே வடத்தின் மின்தடையை அளந்து, ஒரு கல் தொலைவிற்கு இத்தனை தடை என்று வகுத்தால், பழுதுற்ற இடம் எத்தனை கல் தொலைவில் உள்ளது என அறியலாம். ஆனால், மின்தடையை எதனால் அளப்பது? ஒருவர் குறிப்பிட்டதொரு செம்புக் கம்பியை அளவையாகக் கொண்டார். மற்றொருவர் ஒரு மீட்டர் நீளமுள்ள பாதரசத் தம்பத்தைக் கொண்டார். ஊருக்கொரு மரக்கால் இருப்பின் வாணிகம் எவ்வாறு நடைபெறும்?

ஆகவே, 1861 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகம் மின்தடைக்குரிய பொது அளவையை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. மின் அளவைகளுக்கு அறிஞர் பெயரையே இடலாம் என அந்த ஆண்டிலேயே கிளார்க்கு, பிரைட் என்னும் தந்திப் பொறியாளர் இருவர் கருத்துரைத்தனர். அதன் பயனாக மின்தடை ஓமின் பெயரைப் பெற்றது. 1881 ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, வோல்ட், ஓம், ஆம்பியர், கூலும், பாரடு என்னும் ஐந்து பெயர்களையும் உலகிற்குப் பொதுவென ஏற்றது.

அம்மாநாடு கூடிய இடமும் காலமும் நினைத்தற்குரியன. 1870 ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் ஜெர்மானிய அரசுகளுக்கும் பெரும்போர் மூண்டது. ஜெர்மானியப் படை பாரிசு நகரைத் திங்கள் பலவாக முற்றுகையிட்டது; நகரமாந்தர் உணவின்றி வாடினர். அத்துயரம் நிகழ்ந்து பத்தாண்டுகளே கடந்திருந்தன. அந்தப் பாரிசு நகரிலேதான், ஜெர்மானியப் பூட்டுத் தொழிலாளியின் மைந்தன் பெயர் உலகப் பொது அளவையாக ஏற்கப்பெற்றது. ஒரு வோல்ட் அழுத்தம் ஓர் ஓம் தடையின் வழியே செலுத்தும் மின்னோட்டம் ஓர் ஆம்பியர் ஆகும். வோல்ட்டா இத்தாலியர், ஓம் ஜெர்மானியர், ஆம்பியர் பிரெஞ்சுக்காரர். வாளேந்திப் பொருத நாட்டினர் ஒரே சூத்திரத்தில் கைகோத்து நிற்கின்றனர். அவருள் ஒருவரை நீக்கினாலும் கணக்கு நில்லாது.

ஓமைப் போன்றே பிறரும் தம் உழைப்பால் அளவையாயினர். ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறியைத் திருத்தி அமைத்தவர். பொறியின் திறனை மக்கட்கு விளக்கக் குதிரையின் திறனை அளவாகக் கொண்டவர் அவரே. பிற்காலத்து அறிவியலார் திறனின் அலகிற்கு அவர் பெயரையே இட்டனர். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட் ஆகும். ஜூல் இங்கிலாந்தில் வடிசாலை நடத்திய குடும்பத்தவர். விழும் எடையால் நீரினுள் துடுப்பைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகின்றது என அளந்து, உழைப்பும் வெப்பமும் ஒன்றாக மாறத்தக்கவை எனக் காட்டினார். ஆற்றலின் அலகு அவர் பெயரைப் பெற்றது. பாரடே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்றவர். கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவு பெற்றவர். வெப்பநிலையின் அலகாகிய கெல்வின் வில்லியம் தாம்சன் என்பாரைக் குறிக்கும். அவர்க்குப் பிரபு பட்டம் வந்தபோது, தாம் கற்பித்த கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரைப் பட்டப்பெயராகப் பூண்டார். ஆற்றின் பெயர் மனிதர் பெயராகி, மனிதர் பெயர் அளவின் பெயராயிற்று.

இப்பெயர்களை எழுதுவதில் ஒரு மரபு உண்டு. ஆங்கிலத்தில் மக்கட் பெயரின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுதல் விதி. ஆனால், அப்பெயர் அலகின் பெயராய் வருமிடத்துச் சிறிய எழுத்தாலேயே எழுதுவர். அலகின் குறியீட்டிற்கு மட்டுமே பெரிய எழுத்து உரியது. ஓம் அலகிற்குரிய ஆங்கில முதலெழுத்துச் சுழியத்தைப் போலத் தோன்றி மயக்குமாதலின், கிரேக்க மொழியின் ஒமேகா என்னும் எழுத்தைக் குறியீடாகக் கொண்டனர். மனிதராய் இருந்தபோது பெற்ற பெரிய எழுத்தை, அளவாய் மாறியபோது அப்பெயர் விட்டுவிடுகின்றது. அன்று முதல் அஃது ஒருவர்க்குரிய பெயரன்று. கல், மண், மரம் என்பவை போல எல்லார்க்கும் பொதுவான சொல்லாகின்றது.

அளவை வகுக்கும் முறையும் காலந்தோறும் திருந்தி வந்துள்ளது. 1893 ஆம் ஆண்டு 106.3 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதரசத் தம்பத்தைக் கொண்டு ஓம் வரையறுக்கப்பெற்றது. 1980 ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் கிளிட்சிங், கடுங்குளிரிலும் வலிய காந்தப்புலத்திலும் மின்தடை சில மாறாத அளவுகளையே கொள்ளும் எனக் கண்டார். அக்கண்டுபிடிப்பிற்காக அவர் 1985 இல் நோபெல் பரிசு பெற்றார். 2019 ஆம் ஆண்டு மே 20 முதல் மின் அலகுகள் யாவும் இயற்கையின் மாறா எண்களைக் கொண்டே வரையறுக்கப்பெறுகின்றன. பாதரசம் போயிற்று, பெயர் நின்றது. மாறும் மின்கலத்தை விடுத்து, மாறாத பனிக்கட்டியையும் கொதிநீரையும் நாடிய ஓமின் கொள்கையே இன்னும் நுட்பமாய்த் தொடர்கின்றது எனலாம்.

தம் பெயர் நிலைத்தல் வேண்டும் என்று ஓம் கம்பிகளை அளந்தாரல்லர். கம்பியின் உண்மை யாது என்று அறியவே அளந்தார். அளந்ததை அளந்தவாறே கூறினார். கூறியதற்காக வந்த துன்பத்தைப் பொறுத்தார். பிறர் பெயரிட்டபோது அவர் உயிரோடில்லை. எனினும், வானொலியின் உள்ளே உள்ள சிறு தடையத்திலும், மின் அடுப்பின் கம்பியிலும், கடலடி வடத்திலும் அவர் பெயரே அளவாய் நிற்கின்றது. சரியாக அளப்பதும், அளந்ததை மறையாது கூறுவதும் அறிவியலார்க்கு மட்டும் உரிய கடமையல்ல. தராசு பிடிக்கும் வணிகர்க்கும், கணக்கு எழுதும் அலுவலர்க்கும், தேர்வு எழுதும் மாணவர்க்கும் அக்கடமை உண்டு. அதனை வழுவாது செய்வார் பெயர் உலகில் நிலைப்பினும் நிலையாது போயினும், அவர் விட்டுச் சென்ற அளவு பொய்யாது.